சம்பந்திக்கு ஒரு முறுக்கு டாப்

ஊல்கானைப் போல ஓர் அற்பப் பிறவியைப் பிஷ்கெக் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. சந்தையில் வரிசையாகக் கடைகள் வைத்திருக்கிறாள். மனசு மட்டும் ஊசிக் காதளவு. அன்று எங்கள் தையல்கூடத்துக்குள் நுழைந்து, ஒரு சாட்டின் துணியை என் வெட்டு மேஜையில் எறிந்தாள்.

"கலிபா, என் சம்பந்திக்கு டாப் வேணும். நெஞ்சுல முறுக்கு வச்சது. நாப்பத்தெட்டாம் சைஸ்."

சம்பந்தி என்றால் ஜூரா. பேருந்து நிலையத்தில் சம்சா சுட்டு விற்கிறவள். வாட்டசாட்டமான மனுஷி, ஐம்பத்துநாலுக்குக் கீழே எதுவும் அவளுக்கு ஏறாது. அவள் மகள் மீரிம் என்னிடம்தான் தைக்கிறாள். ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல இந்த ஊல்கானின் மகன் எர்மெக்கைப் போய்க் காதலித்துத் தொலைத்தாள்.

"ஜூராவுக்கு அது பத்தாதேக்கா."

"பத்தக் கூடாதுடி! நிச்சயத்தன்னிக்குச் சீர்த்துணியைச் சபையிலேயே போட்டுக் காட்டணும்ல? பிதுங்கிக்கிட்டு நிக்கட்டும். சம்சாக்காரிக்கு அவ இடம் தெரியட்டும். மீரிம்கிட்ட வாயத் திறந்தே, என் கடை ஆர்டர் எதுவும் உனக்குக் கிடையாது."

தூ! இதெல்லாம் ஒரு பெரிய மனுஷி! துணியாவது உருப்படியா? முன்பக்கம் நீலப் பளபளப்பு, பின்பக்கம் வெளிறல். ஒரு முறுக்கு முறுக்கினால் அந்த வெளிறல் நட்டநடு நெஞ்சில் பல்லிளிக்கும்.

மீரிமிடம் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்தப் பெண் பாட்டுப் பாடிக்கொண்டே மெஷினை மிதிக்கிறாள், எப்படிச் சொல்ல? பேட்டர்னைத்தான் மாற்றினேன். முறுக்கு துணியைத் தின்னும், இடம் விடாவிட்டால் மார்பை இறுக்கும். அதனால் முன்பக்க அட்டையை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் விரித்து, நுனிகளை நீளமாக இழுத்து வரைந்தேன். இரண்டு நுனியும் நெஞ்சில் ஒரு தடவை முறுக்கிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் போய்ப் பின்னால் முடிச்சாகும். இறுக்கினால் ஒல்லிக்கு, தளர்த்தினால் ஜூராவுக்கு. நுனிகளை இரட்டையாக மடித்துத் தைத்ததில் வெளிறலும் மறைந்தது. துணி போதாமல் கையை முழங்கையோடு நிறுத்திவிட்டேன்.

நாற்பத்தெட்டுபோலத் தெரிய இறுக்கி முடிந்து மடித்துக் கொடுத்தேன். ஊல்கான் விரித்துக்கூடப் பார்க்காமல் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

நிச்சயத்துக்கு மீரிம் என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஜூரா வீட்டில் ஊல்கானின் கூட்டம் மரியாதைக்குரிய இடத்தில் உட்கார்ந்து கறியை ஒரு கை பார்த்தது. ஊல்கான் மீரிமுக்கு நிச்சயத்தின் அடையாளமாகத் தோடு போட்டுவிட்டாள். பிறகு சீர்த்துணியை எடுத்து நீட்டினாள். ஜூரா உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தாள். அடடா, அம்சமாக இருந்தது!

"பொண்ணுக்கு அக்கா மாதிரியில்ல இருக்கீங்க!" என்றார்கள் ஊல்கானின் சொந்தக்காரர்களே.

 ஊல்கான் சபை என்றும் பாராமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நான் நாப்பத்தெட்டுன்னுல்ல சொன்னேன்!"

 ஜூரா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

"நான் அம்பத்திநாலு, சம்பந்தி. துணி விக்கிறவங்க, பாத்தாலே தெரிஞ்சிருக்குமே?"

ஊல்கான் கோப்பையை எடுத்துத் தேநீரை உறிஞ்சினாள். இப்போது மட்டும் அடக்கம்!

"எனக்கு நாப்பத்தெட்டு சொன்னீங்க, சரி. என் பொண்ணுக்கு என்ன அளவு சொல்லி வச்சிருக்கீங்க?"

எர்மெக் ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று மீரிம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கறித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு தோடுகளையும் கழற்றி அவன் அம்மாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.