நூற்றுப் பதினாறு நாள் கவர்னர்

அமெரிக்காவில் 1859-ஆம் வருடம் பதவியில் இருக்கும்போதே இறந்துபோன கவர்னர் ஒபதியா கிராண்டல், மிச்சமிருந்த நூற்றுப் பதினாறு நாள் பதவிக்காலத்தை முடித்துவிட்டுப் போவதற்காக, போன வருடம் பிப்ரவரி மூன்றாம் தேதி காலை ஒன்பதே கால் மணிக்கு டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் பதினான்காம் பிளாக்கின் முன்னால் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டிருந்தார். அவரை ஏற்றி வந்த ஆட்டோவின் பின்சக்கரம் இரண்டும் வெடித்திருந்தன. ஏன் டெல்லி என்று கேட்டவர்களிடம், தலைநகரத்துக்குப் போ என்று சொன்னார்கள், எந்தத் தலைநகரம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை என்றார். அவர் ஆண்ட மாநிலத்தின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. கீழ்வீட்டு ஜெயசீலன் அந்த மாநிலத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி விசாரித்ததற்கு, எங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை, அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்திருக்கிறது.

கவர்னரின் பூர்வ கதை இவ்வளவுதான். 1809-இல் ஒரு படகுத்துறைக்காரருக்கு ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தார். மரவீட்டுக்குள் குளிர் நுழையாமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார். பாதித் தாள்கள் தலைகீழாக ஒட்டியிருந்ததால் தலைகீழாகவும் சரளமாக வாசிக்க வந்தது. இருபத்தைந்து வயதில் வக்கீல் ஆனபோது, எதிர்த்தரப்பு வக்கீலின் மேஜையில் இருக்கும் காகிதங்களை எதிரே உட்கார்ந்தபடியே படித்துவிடுவார் என்பதால், ஆறு வருடம் ஒரு வழக்கிலும் தோற்கவில்லை. பிறகு சட்டசபை, பிறகு மேல்சபை, பிறகு ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் கவர்னர். காது கேளாதவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். ஆற்றின் குறுக்கே இரண்டு பாலம் போட்டார். தலைநகரத் தெருக்களில் பன்றிகள் திரியக் கூடாது என்று சட்டம் போட்டார். பன்றிகள் சட்டசபை வாசலில் இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அதை வாபஸ் வாங்கினார். ஐம்பதாவது வயதில் இரண்டாவது பாலத்தைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் இறந்தார். லோதி ரோடில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த வாக்கியத்தின் மீதியைச் சொல்லி முடித்தார். ஆகவே எல்லாரும் கரையோரமாக நின்று சாப்பிடலாம் என்பதுதான் அது. ஆபீசுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த ரத்தினவேல் மட்டும் அதைக் கேட்டார். அன்று அவர் பதினோரு நிமிடம் தாமதம்.

ரத்தினவேல் சாத்தூர்க்காரர். ஐம்பத்தாறு வயது, மத்திய அரசின் ஓர் இலாகாவில் செக்‌ஷன் ஆபீசர். மனைவி வள்ளியம்மை தமிழில் எம்.ஏ., பி.எட்.; இருபத்தேழு வருடமாக மாடி வீட்டில் சமையல். பதினான்காம் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவி நாலு வருடமாகக் காலியாக இருந்ததால், கவர்னரை அதில் உட்கார வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. உட்கார வைப்பதுதான் சிரமமாக இருந்தது. ஆள் ஒல்லி, ஆனால் மூன்று நாற்காலி உடைந்தது. மாடிப்படி விரிசல் விட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசி, மளிகைக் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் தன் மூட்டைத் தராசில் ஏற்றிப் பார்த்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ காட்டியது. எனவே தரைத்தளத்து ஸ்கூட்டர் கராஜில் சிமெண்டுத் திண்டு கட்டி அவரைக் குடிவைத்தார்கள். இஸ்மாயில் கடையில் கறிவேப்பிலை மடித்துத் தரும் தமிழ்ப் பேப்பரை வாங்கி கவர்னர் கராஜ் சுவர் முழுக்க ஒட்டினார், பாதியைத் தலைகீழாக. வள்ளியம்மை மத்தியானங்களில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். ஐந்து வாரத்தில் கவர்னர் சாத்தூர்த் தமிழ் பேசினார், இடையிடையே அச்சாவும் ஜல்தியும் கலந்து. இவ்வளவு நல்லா சொல்லிக்கொடுக்கிற நீங்க ஏன் வேலைக்குப் போகலைன்னு ஒருநாள் கேட்டார். பரீட்சை எழுதினேன், பதிலே வரலை என்று வள்ளியம்மை சொல்லிவிட்டு, எழுத்துப் பலகையைத் துடைத்தார்.

கவர்னருக்கு இருந்த அதிகாரங்களில் டெல்லியில் செல்லுபடியானது மன்னிப்பு ஒன்றுதான். அது செல்லும் என்பது முதலில் வத்சலாவால் தெரிந்தது. இரண்டாம் மாடி வத்சலா, மாமியார் இறந்த செய்தி வந்தபோது தீபாவளி டிக்கெட் வீணாகிறதே என்றுதான் முதலில் நினைத்ததாக எழுதிக் கொடுத்தார். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லாவிட்டால் அந்தக் குற்றம் மாநிலத்தைச் சேரும் என்று தீர்ப்புச் சொல்லி கவர்னர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலைக்குள் வத்சலாவின் எடை இரண்டு கிலோ நானூறு குறைந்தது. மறுநாள் கராஜ் முன்னால் முப்பது பேர் நின்றார்கள், அடுத்த வாரம் மோதி பாக்கிலிருந்தும் வந்தார்கள். பதினான்காம் பிளாக்கில் எல்லாரும் படியில் மூச்சிரைக்காமல் ஏறினார்கள். லிஃப்ட் கேட்டு எழுதிய மனுவைத் தாங்களே திரும்ப வாங்கினார்கள். ஜெயசீலன்தான் அளவு தெரியாமல் போய்விட்டார். நாசரேத்துக்காரர், ஞாபகசக்தி அதிகம். அண்ணன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிக் கிரிக்கெட் பார்த்ததில் தொடங்கி, இறந்துபோன உறவினர் ஒருவர் விடாமல் நூற்றுநாற்பது மன்னிப்பு வாங்கினார். ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் கால் தரையில் பாவவில்லை. இரண்டு கையிலும் ஐந்து கிலோ கோதுமை மாவுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு அவரால் தொந்தரவு இல்லை.

ரத்தினவேல் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. கடைசியில் ஏப்ரல் பத்தாம் தேதி மாலை, ஆபீசிலிருந்து நேராகக் கராஜுக்குள் நுழைந்து, பழுப்பேறிய உறை ஒன்றைக் கவர்னரிடம் கொடுத்தார். 2003-ஆம் வருடத்துக் கடிதம். வள்ளியம்மை மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக ஜூலை முதல் தேதி காலை எட்டு மணிக்கு வந்து சேரவும் என்று இருந்தது. தபால்காரரிடம் படிக்கட்டிலேயே வாங்கிச் சட்டைப்பையில் வைத்தவர், பிறகு கொடுக்கவே இல்லை.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க," என்றார் கவர்னர். "அந்தம்மா மாடியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காக. இது மாநிலத்துக்கு வராது. மேல போங்க."

"போனா என்னங்கய்யா ஆகும்?"

"தெரியாது. எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்ல."

அப்போதுதான் கவர்னர் தன் கதையில் சொல்லாமல் விட்டிருந்ததைச் சொன்னார். 1858-இல் தாமஸ் ஈலி என்ற மாவுமில் கூலிக்காரனுக்குத் தூக்குத் தண்டனை. அவன் செய்யவில்லை என்று தெரிந்து திங்கட்கிழமையே மன்னிப்பில் கையெழுத்துப் போட்டார். அதைக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டு முதல் பாலத்துக்கான விருந்துக்குப் போனார், நடனமாடினார், மறந்துவிட்டார். புதன்கிழமை தூக்குப் போட்டார்கள். வியாழக்கிழமை கைக்குட்டையை எடுத்தபோது கடிதம் கையில் வந்தது. ஈலியின் மனைவி வீட்டுத் தெருவுக்கு ஏழு தடவை போய் ஏழு தடவையும் திரும்பினார். "செத்தவனுக்குச் செஞ்ச குற்றம் மாநிலத்துக்கு வரும். மாநிலம் நான்தான். தன்னைத் தானே மன்னிக்கச் சட்டத்துல இடமில்ல," என்று சொல்லிவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

ரத்தினவேல் மேலே போனார். வள்ளியம்மை கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ்ல. யாரும் தொறக்காத ஃபைல்ல."

"ஏன்?"

"அந்த வாரந்தான் ப்ரமோஷன் பரீட்சையில ரெண்டாவது தடவையும் ஃபெயிலானேன். நீ முத தடவையிலயே பாஸ் பண்ணிட்ட."

வள்ளியம்மை அடுப்பை அணைத்தார். வெங்காயம் பாதி உரித்தபடி கிடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டுப்புடவை கட்டி, கடிதத்தைக் கைப்பையில் வைத்து, மோதி பாக்குக்குப் பஸ் ஏறினார். எட்டு மணிக்கு மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகள் வகுப்புக்குப் போவதைப் பார்த்தார். மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். பள்ளிக்கூடம் நல்லா இருக்கு என்பது மட்டும்தான் அவர் சொன்னது. அதற்குப் பிறகு பதினெட்டு நாள் புருஷனிடம் காய்கறிகளின் பெயரைத் தவிர எதுவும் பேசவில்லை. ரத்தினவேல் இஸ்மாயில் கடைக்குப் போய்த் தராசில் நின்றார். எண்பத்து நாலு கிலோ, முன்பு இருந்த அதே எண்பத்து நாலு.

"சொன்னதுக்கு ஒண்ணும் குறையலண்ணே," என்றார் இஸ்மாயில். "அந்தப் பக்கத்துலேர்ந்து வரணும் போல."

ஏப்ரல் கடைசி வாரத்தில், பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கவர்னர் அறிவித்தார். ஜெயசீலன் நின்றார். பத்தொன்பதாவது நாள் மௌனம் கலைந்து வள்ளியம்மை, நானும் நிக்கிறேன் என்றார். கராஜுக்குள் எட்டு நாற்காலி போட்டு, ஒவ்வொரு மாலையும் வாக்காளர்களுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய பிரசாரம். டெல்லியிலேயே பிறந்து குர்காவ்னில் வேலை பார்க்கிற ப்ரணவ், இந்துஜா மாதிரியானவர்கள் முப்பது வயதில் முதல்முறையாகத் தங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். ஜெயசீலன் பொதுக்கூட்டம் போட்டார். அன்று சாயங்காலம் பார்த்து, இங்கே ஆந்தி என்கிற புழுதிப் புயல் வந்தது. வாக்குறுதி கொடுக்கக் கையை உயர்த்தியவர் மாவுப் பையைத் தவறவிட்டார். காற்று அவரைத் தூக்கிப் போய் வேப்பமரத்து உச்சியில் வைத்தது. "யாராவது கயிறு கொண்டாங்கவே," என்று மேலே இருந்து சத்தம் வந்தது. "வேட்பாளரு மரத்துல இருக்கேன்." கவர்னராக வருகிறவர் தரையில் நிற்கிறவராக இருப்பது நல்லது என்ற எண்ணம் அதற்குப் பிறகு பரவியது. ஓட்டு எண்ணியபோது வள்ளியம்மைக்கு ஐம்பத்து நாலு, ஜெயசீலனுக்கு ஏழு. அந்த ஏழில் ஒன்று வள்ளியம்மை போட்டது.

மே இருபத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பதவியேற்பு. நாற்பத்து நாலு டிகிரி வெயில். வள்ளியம்மை உறுதிமொழி எடுத்துக்கொண்டு, முதல் உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார்.

"செத்துப்போனவர் பேரை நீங்க வாயால சொல்லணும்," என்றார் கவர்னரிடம்.

கிராண்டல் தொப்பியைக் கழற்றினார். "தாமஸ் ஈலி," என்றார். வள்ளியம்மை கையெழுத்துப் போட்டார். சிமெண்டுத் திண்டு ஒரு பெருமூச்சு விட்டது. முதலில் கிராண்டலின் குதிகால் உயர்ந்தது, பிறகு ஷூ நுனி, பிறகு ஆள் முழுக்கக் கோட்டு வால் படபடக்க மேலே எழும்பினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற குழந்தை மாதிரி சிரித்தார். அதைப் பார்த்த பிளாக் முழுக்கச் சிரித்தது. இரண்டாம் மாடி அளவுக்கு வந்தபோது வத்சலா பால்கனியிலிருந்து டம்ளரை நீட்டி, "காபி சாப்ட்டுட்டுப் போங்கோ," என்றார். நின்ற இடத்தில் மெல்லச் சுழன்றபடி குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லி, தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டிப் போனார். ஐ.என்.ஏ. சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, விசில் ஊதி அவரை இடதுபக்கமாகப் போகச் சொன்னார். அவரும் இடதுபக்கமாகவே போனார்.

இப்போது வள்ளியம்மைதான் கவர்னர். தினமும் நாலு மணியிலிருந்து ஆறு வரை மனு வாங்குகிறார். பிழை இருந்தால் மன்னிப்பு இல்லை, குற்றத்தில் அல்ல, எழுத்தில். வரிசையில் ரத்தினவேலும் நிற்கிறார். புருஷன் என்று முன்னால் விடுவதில்லை. இதுவரை ஒன்பது மனு கொடுத்திருக்கிறார், ஒன்பதும் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கின்றன. முதல் மனுவில், தவறு நடந்துவிட்டது என்று எழுதியிருந்தார். எழுவாய் எங்கே என்று ஓரத்தில் கேட்டிருந்தது. நாலாவதில் நான் என்ற சொல் வந்துவிட்டது, காரணம் வரவில்லை. ஒன்பதாவதில் விஷயம் எல்லாம் சரியாக இருந்தது. 'கடிதத்தை பிரித்துப் படித்தேன், பொறாமைப்பட்டேன், ஒளித்து வைத்தேன்' என்று எழுதியிருந்தார். வள்ளியம்மை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் வேற்றுமைக்குப் பின்னாடி வல்லினம் மிகும்ங்க," என்றார். "ஒரு ப் போடணும். திருத்தி எழுதிட்டு நாளைக்கு வாங்க."

ரத்தினவேல் மார்க்கெட்டுக்குப் போய் இஸ்மாயிலின் தராசில் ஏறி நின்றார். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. கால் கிலோ காப்பித்தூளும், பக்கத்துக் கடையில் கோடு போட்ட தாளும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.