கம்பத்தைப் பார்த்துப் போனவர்கள்

இப்போதெல்லாம் ஆளில்லாத வீட்டுக்குத்தான் கொடி பறக்கிறது. ஜூன் பிறந்ததும் எங்கள் ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மரவீடு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளைக் கம்பம், அதில் நீலமும் வெள்ளையுமாக, நுனி போகப் போகச் சிறுத்து, மாட்டு வால் போல ஆடும் ஒரு ஒல்லிக் கொடி. கதவைத் தட்டினால் உள்ளே ஈ காக்கா இருக்காது. கேட்டால், திருடன் வராமல் இருக்க என்கிறார்கள். திருடனுக்கு மூக்கு இல்லையா? வாரக்கணக்கில் அடுப்பு எரியாத வீடு அவனுக்குத் தெரியாதா?

அதன் பெயரே வீட்டுக்காரன் கொடி. நாட்டுக்கொடி வேறு. பின்லாந்தில் அதற்கு ஆயிரம் சட்டம். காலையில் ஏற்ற வேண்டும், சூரியன் விழுமுன் இறக்க வேண்டும், மண்ணில் பட்டால் பாவம். வீட்டுக்காரன் கொடிக்கு அந்தச் சீராட்டல் எல்லாம் கிடையாது. ராத்திரியும் கிடக்கும், மழையிலும் கிடக்கும். அது சொல்வது ஒன்றே ஒன்று, வீட்டில் ஆள் இருக்கிறது. ஊருக்குப் போகிறவன் இறக்கிவிட்டுப் போவான். திரும்பி வந்தால் படகைக் கட்டியதும் கொடி, அப்புறம்தான் காபி.

நான் மரம் வெட்டிய காலத்தில் இப்போதைய படகுக்காரன் தைஸ்தோவின் அப்பாதான் மளிகைப் படகு ஓட்டினார். சுக்கானை முழங்காலால் இடுக்கிக்கொண்டு, கையில் புகையிலை சுருட்டியபடி கரையைப் பார்த்துக்கொண்டே வருவார். கொடி இருந்தால் ஊதலை அமுக்குவார். பெண்கள் மாவுக் கையோடு துறைக்கு ஓடி வருவார்கள். கொடி இல்லாவிட்டால் திரும்பியும் பார்க்காமல் போய்விடுவார். சனிக்கிழமை நீராவிக் குளியல் அறையான சவுனாவில் வெந்துவிட்டு வெளியே உட்கார்ந்தால், எதிர்க்கரையில் யார் இருக்கிறார்கள், யாரிடம் போய்ச் சீட்டு விளையாடலாம் என்று கம்பங்களைப் பார்த்தே முடிவு செய்வோம். காற்று எந்தப் பக்கம், வலை போடலாமா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இருந்த ஹில்யாவின் கொடி எல்லாவற்றையும்விடத் தூரத்திலிருந்து தெரியும். முனையிலிருந்த பெரிய வீடுகளுக்கு அவள் சவுனா மூட்டினாள், தரை தேய்த்தாள், துணி துவைத்தாள். புருஷன் ஆர்வி விறகு பிளந்தான். அந்த வேலைக்குத்தான் அவர்களுக்கு ஓரத்துச் சின்ன வீடு. ஆர்வி செத்தபோது அவளே ஒல்லிக் கொடியை இறக்கி, நாட்டுக்கொடியைக் கம்பத்தின் பாதியில் நிறுத்தினாள். அடக்கம் முடிந்து வந்ததும் அதை உச்சிவரை ஏற்றி, சற்று நிற்கவிட்டு, இறக்கி மடித்தாள். மறுநாள் காலை வீட்டுக்காரன் கொடி மறுபடி பறந்தது.

"வீட்டுக்காரன்தான் போய்ட்டானே. யாருக்கு இந்தக் கொடி?" என்று தைஸ்தோவின் அப்பா வாய் கொழுத்துக் கேட்டார்.

"தரை தேய்க்கிறவ யாரு, விறகு பொளக்கிறவ யாரு? நாந்தான் வீட்டுக்காரன். ரொட்டிய எடுத்து வெச்சுட்டுக் கெளம்பு."

பெரிய வீடுகளை வைத்திருந்த குடும்பம் முனையை விற்றது. வாங்கியது ஒரு கம்பெனி. வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. ஹில்யாவை வேலையில் வைத்துக்கொண்டார்கள், சின்ன வீட்டிலும் இருக்கவிட்டார்கள். மேனேஜர் ராஸ்முஸ் நல்ல பையன்தான், எல்லாரிடமும் சிரிப்பான். அப்படிச் சிரிப்பவனை நான் நம்புவதில்லை.

இந்த ஜூன் தொடக்கத்தில் விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் புதுக் கொடி ஏற்றினார்கள். ஹில்யாவின் கொடி வெளுத்து, வால் நைந்து கிடந்தது. படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அவிழ்த்தான். புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் காரில் போட்டுக்கொண்டு போனான்.

இது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது வெறும் கம்பத்தைத்தான். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கரை முழுவதும் நினைத்துக்கொண்டது. தபால்காரி கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போனாள். அப்பாவின் படகை இப்போது தைஸ்தோ ஓட்டுகிறான். அவனும் அந்தத் துறையில் ஒதுங்கவில்லை.

எனக்கு முழங்கால் ஊசி போட நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவன் படகில்தான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ஹில்யாவின் தங்கை. சத்தமாகப் பேசுகிறவள், எனக்கும் கேட்டது.

"எங்கக்காவ போனை எடுக்கச் சொல்லுப்பா. நேத்துலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"அவங்க உங்ககூடதான இருக்காங்க?"

"எங்கூடவா? யாரு சொன்னா?"

கம்பம் சொன்னது என்று தைஸ்தோ எப்படிச் சொல்வான்? படகை அப்படியே திருப்பினான்.

புதுக் கொடி பறந்த வாடகை வீடு ஒன்றிலும் ஆள் இல்லை. சவுனாப் படிக்கட்டின் கீழே கிடந்தாள். துணிக்கூடை கவிழ்ந்திருந்தது. விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை இழுத்து மேலே போர்த்தியிருந்தாள். முந்தின ராத்திரி பெய்த மழையில் எல்லாம் ஊறிக் கிடந்தது. முகத்தில் கொசு கடிக்காத இடம் இல்லை. இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"வந்துட்டியா தைஸ்தோ. நேத்தும் இப்படித்தான் போனே. கை ஆட்டினேன். நீ கம்பத்தப் பாத்துட்டுப் போய்ட்ட."

"கம்பம் காலியா இருந்துச்சு அக்கா."

"ஆமா. அந்தப் பையன் அவுத்துக்கிட்டுப் போய்ட்டான். நானா இருந்தாலும் நிக்காமத்தான் போயிருப்பேன். அழுவாத, மூக்கத் தொடச்சுக்க. வைனோ, நீ நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்குற? தண்ணி கொண்டா," என்று என்னை விரட்டினாள்.

சவுனாக் கதவைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்துப் படகுக்குத் தூக்கினோம். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. விரிப்புகளை மறுபடி துவைக்க வேண்டும் என்றாள். வேலை நின்றால் வீடும் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இடுப்பில் உலோகம் வைத்துத் தைத்தார்கள். கோடை விழாவுக்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீன் வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அதை ஒரு கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ராஸ்முஸ் பூவோடு வந்தான். கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டியும் கொண்டுவந்திருந்தான். விழுந்தால் அதில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டுமாம்.

"எங்க விழுந்தா?" என்று ஹில்யா கேட்டாள்.

"எங்க விழுந்தாலும்." சிரித்தான். பிறகு போனை நீட்டினான். "இதப் பாருங்க. சொன்ன மாதிரியே புதுக்கொடி, உங்க கம்பத்துல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல. விழாவுக்கு ஜெர்மனியிலருந்து ஒரு குடும்பம் வருது. நீங்க எப்படியும் இங்கதான இருக்கப் போறீங்க. வீடு சும்மாக் கெடக்க வேணாமேன்னு."

"அப்ப எறக்கி வையி. ஆள் வந்தப்புறம் ஏத்து."

"அது ஒரு அழகுக்குத்தாங்க."

"எஞ் சாமான்லாம்?"

"படகுக் கொட்டாயில வெச்சிருக்கோம். தார்ப்பாய் போட்டிருக்கு. நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க, மொதல்ல நடக்கப் பழகுங்க. கோடை முடியட்டும், பேசிக்கலாம்."

ஹில்யா தலைமாட்டு இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் வீட்டுச் சாவி, விழுந்த அன்று ஏப்ரன் பையில் இருந்தது.

"உருளக்கெழங்கு காஞ்சு போயிருக்கும் வைனோ. தண்ணி ஊத்து. வாளி உள்ள, கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு."

ராஸ்முஸ் தொண்டையைச் செருமினான். "அந்தச் சாவி இனிமே சேராதுங்க. நம்பர் பூட்டுப் போட்டாச்சு."

"நம்பரச் சொல்லு," என்றேன்.

"அது விருந்தாளிங்களுக்கு மட்டுந்தான் குடுக்கலாம், பெரியவரே. கம்பெனி விதி."

ஹில்யா போர்வையின் மேல் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

நடைவாசல் வரை ராஸ்முஸ் என் கூடவே வந்தான். எல்லாம் அவருடைய நல்லதுக்குத்தான், தனியாக அந்த முனையில் கிடந்து என்ன செய்வார், இங்கே ஆள் பார்த்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள் என்றான். என்னைக் காரில் கொண்டுபோய் விடவா என்றும் கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துறையைப் பார்த்து நடந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.