தாய்மாமன் மடி

"நான் மாமா மடில உக்கார மாட்டேன்."

ராணி இப்படிச் சொன்னதும் வீடே சிரித்தது. நாளை மறுநாள் அவளுக்குக் காதுகுத்து. ஐந்தாம் வயதில் வீட்டில் ஒரு சாவு, ஏழாம் வயதில் அம்மை என்று தள்ளிப் போய், ஒன்பதாவது வயதில் இப்போதுதான் கூடி வந்திருந்தது. தாய்மாமன் கஜபதி வாங்கி வந்த பட்டுப்பாவாடையைப் பிரித்து வைத்துக்கொண்டு, பட்டாபிராமில் அந்த ஓட்டு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பார்றா, பொண்டாட்டிக்கு இப்பவே கோவம்" என்றாள் பெரியம்மா பஞ்சவர்ணம். "கட்டிக்கப் போறவன் மடில குந்த இன்னாடி வெக்கம்?"

கஜபதியும் சிரித்தான். ராணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் நின்றுகொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை நுழைகிற சந்து அல்ல அது. எப்படியோ நுழைந்திருந்தாள். அதைப் பார்த்த அம்மா நாகவல்லிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவளும் இந்தக் கேலியைச் செய்தவள்தான். ராணி தொட்டிலில் கிடந்தபோதே, "தோ பாரு, உம் பொண்டாட்டி அழுவுது" என்று தம்பியைக் கூப்பிட்டவள். அக்கா மகளைக் கட்டுவது முறை. முறை இருக்கிற இடத்தில் கேலியும் இருக்கும் என்றுதான் அவள் வளர்ந்திருந்தாள்.

கொல்லைப்புறத்தில், பைப்படியில் வைத்து மகளைக் கேட்டாள். ராணி சொன்னாள். கேம் விளையாடலாம் என்று மாமா தன் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போவதை, ஷட்டரை இறக்குவதை. அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

"நீதான் எனக்குப் பொண்டாட்டியாச்சே, இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லுச்சும்மா. நீங்கள்லாம் அப்பிடித்தான சொல்றீங்க?"

நாகவல்லி மகளைக் கட்டிக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆவடிக்குப் போனாள். கஜபதியின் கடை அந்த வருஷம்தான் புதிதாகத் திறந்தது. இன்டர்நெட் என்று கண்ணாடியில் பெரிதாக எழுதியிருந்தது. அவன் மட்டும் இருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பயப்படவில்லை.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்லக்கா. என்ன மாரி ஊருக்கு ஊரு ஆளு கீறான். டாக்டரு, வாத்தியாரு, அல்லாம் படிச்சவன். இதுலதான் பேசிக்குவோம்." கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினான். "இதுக்குப் பேரு பாசம்ன்றான். அதுக்கும் இஷ்டம்னு ஒண்ணு கீதுல்ல?"

"இஷ்டமா? பீரோ சந்துல போயி ஒளிஞ்சிக்கிச்சே, அதாடா இஷ்டம்?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நம்ம மொறையப் பத்தி அவங்களுக்கு எய்தினேன். 'ஊட்டாளுங்களே பொண்டாட்டின்னு சொல்லிக் குடுக்கறாங்களா, நீ குடுத்து வெச்சவன்'னு அத்தினி பேரும் எய்திட்டானுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெளில சொல்லேன். உம் பொண்ணு பேருதான் நாறும்."

நாகவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் ஓடிய எழுத்துக்குப் பின்னால் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்களோ என்று நினைத்தாள். பாசம், இஷ்டம் என்று நல்ல சொற்களையெல்லாம் திருடி வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. முறை என்ற சொல்லை அவன் திருடக்கூட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே கொடுத்திருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் கணவன் தணிகாசலம் "அவன வெட்டிப் போட்டுர்றேன்" என்று எழுந்தான். வாசல் வரை போனான். வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"வெளில தெரிஞ்சா நாளிக்கு இத்த எவன் கட்டுவான்? காதுகுத்து முடியட்டும். அப்பால அவன ஊட்டாண்ட சேக்க வாணாம்."

"காதுகுத்துல அவன் மடிலதான்யா குந்த வெக்கணும்!"

"அஞ்சு நிமிசம்தானமே" என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

ஞாயிறு காலை கஜபதி பட்டு வேட்டியில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு மணையில் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்தார். பெண்ணைக் கூப்பிட்டார்கள். நாகவல்லி ராணியின் கையைப் பிடித்து வந்தாள். மணையைத் தாண்டிப் போய், வெறுந்தரையில் தான் உட்கார்ந்து மகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது?" பஞ்சவர்ணம் பாய்ந்து வந்தாள். "சபைல தாய்மாமன அவமானப்படுத்தறியா? எந்தம்பி இன்னாடி பண்ணான்?"

நாகவல்லி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மைக் செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். கஜபதி தலையைக் குனிந்துகொண்டான். யாராவது எழுந்து அவன் சட்டையைப் பிடிப்பார்கள் என்று அவள் நம்பினாள். அந்த ஒரு நிமிஷம் உண்மையாகவே நம்பினாள்.

பங்காளிப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி வுடு. மொறைக்காரன்தான? பொண்ணு பெரியவளானதும் இவனுக்கே கட்டி வெச்சிட்டாப் போச்சு. அசிங்கம் வெளில போவாது."

பந்தலே மூச்சு விட்டது. "எல போடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கஜபதி தலையை நிமிர்த்தினான். முகம் தெரியாத அந்தக் கூட்டம் கம்ப்யூட்டரில் சொன்ன தீர்ப்பைத்தான், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இவர்களும் சொன்னார்கள்.

நாகவல்லி மகளை இறக்கிவிட்டு எழுந்தாள்.

"மொறை எப்பிடி வந்திச்சு? இவன் எனக்குத் தம்பின்னுதான? எனக்குத் தம்பி இல்ல. செத்துட்டான்."

பந்தக்காலருகே இருந்த தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, பட்டுப்புடவையோடு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இழவு விழுந்த வீட்டில் தலை முழுகுவது எல்லோருக்கும் தெரியும். யாரும் விளக்கம் கேட்கவில்லை. தணிகாசலம் ஒரு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டான்.

ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து மகளை மடிக்கு இழுத்துக்கொண்டு, "இப்ப குத்துங்க ஆசாரியாரே" என்றாள்.

உயிரோடு நிற்கிற தம்பிக்காகப் பஞ்சவர்ணம் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். இன்னும் இரண்டு பெண்கள் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராணிக்காக அந்தப் பந்தலில் அதுவரை யாரும் அழுதிருக்கவில்லை.