நாலாவது ஆளாக ஒரு கல்

மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கிளம்பினால் ஒரு கல்லை நாலாவது ஆளாக நினைத்துக் கூட எடுத்துப் போவார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சாமியாடுகிறவனையும் நம்ப மாட்டேன், போனில் வருகிற செய்தியையும் நம்ப மாட்டேன்.

என் மகன் தமிழ்க்குமரனுக்குத் திருபுவனையில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. அதனால் மலைப்பக்கம் இருக்கிற தேசியப் பூங்காவுக்கு வாடகைக்குக் கார் எடுத்துத் தானே ஓட்டி, ஒரே நாளில் போய்வரத் திட்டம் போட்டான். பூங்கா என்றால் பூச்செடி இல்லை, காடு. யானை, மான், அருவி எல்லாம் உண்டாம்.

"நீயும் வாப்பா. வூட்ல ஒண்டியா இன்னா பண்ணப் போற?" என்றான். சரி என்றேன்.

"அப்போ மூணு பேரா ஆவுதே மாமா" என்றாள் மருமகள் செல்வகுமாரி. மறுநாளே ஏரிக்கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்தாள். உள்ளங்கை அளவு, வழவழவென்று இருந்தது.

"எங்கம்மா கெடந்துச்சு?"

"தண்ணி வத்திக் கெடக்குல்ல, படித்துறைக்குக் கீழ சேத்துல."

கல்லைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கருமாதி அன்று ஒரு கல்லைச் செத்தவராக நட்டு, எண்ணெய் வைத்து, சோறு படைத்து, கடைசியில் அந்தப் படித்துறையில்தான் தண்ணீரில் போடுவார்கள். இவள் கடலோரத்துப் பிள்ளைச்சாவடிப் பெண். அங்கே கருமாதிக் கல்லெல்லாம் கடலோடு போய்விடும். இவளுக்கு எப்படித் தெரியும்? சொன்னால் கிழவன் பயந்துவிட்டான் என்று இரண்டு பேரும் சிரிப்பார்கள். 

அவள் கல்லுக்குக் குங்குமப் பொட்டு வைத்து டிவி பக்கத்தில் உட்கார வைத்தாள். "இவங்கதான் நம்ம நாலாவது ஆளு. ஜன்னலோரம் இவங்களுக்குத்தான்."

"பூங்காவுல இவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணுமாடி?" என்றான் குமரன்.

"உன் தொப்பைக்கே ரெண்டு டிக்கெட் கேப்பான். மொதல்ல அதப் பாரு."

சிரித்தார்கள். அப்புறம் அவள் பேச்சு மாறியது. யானை யானை என்று கிடந்தவள் அதை மறந்தே போனாள். அருவி ஒன்றுதான்.

"அருவிக்கு மேல ஒரு பாறை இருக்கு. அதுல உக்காந்தா கீழ எல்லாம் புகையாத் தெரியும்" என்றாள்.

"போன்ல பாத்தியா?" என்றான் குமரன்.

"பாக்கல. தெரியும்."

எடுத்துப் போகிற சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசாதம் என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"ராத்திரிக்கு?" என்று கேட்டேன்.

"ராத்திரிக்கு எதுக்கு மாமா?"

"திரும்பற வழியில பசிக்காதா? எத்தினி மணிக்குத் திரும்பறோம்?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பேச்சையே கேட்டறியாதவள் மாதிரி பார்த்தாள்.

"திரும்பறதா?" என்றாள். மறுபடி குனிந்து பூண்டு உரித்தாள். குமரன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்லைப் பார்த்தேன். பொட்டு கரைந்து வழிந்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய். இந்த வீட்டில் அதற்கு யாரும் எண்ணெய் வைக்கவில்லை.

இதை இவள் மடியில் வைத்துக்கொண்டு காரில் போனால் வீடு திரும்ப மாட்டாள். அது எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். நல்ல வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. சேற்றைத் தாண்டி, மிச்சம் இருந்த தண்ணீரின் ஓரம்வரை இறங்கினேன். துண்டு எண்ணெயில் நனைந்து கையில் வழுக்கியது.

"உன்ன யாரும் கூப்புடல. அது சின்னப் பொண்ணு, தெரியாம எடுத்துடுச்சு. போய்ச் சேரு" என்றேன். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலே வீசினேன். வீசிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காக நின்றேன்.

சத்தமே வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிடரி சில்லிட்டுப் போனது. அப்படியே வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் செல்வகுமாரி தானாகவே கேட்டாள். "மாமா, ராத்திரிக்குச் சப்பாத்தி போட்டுக்கலாமா? திரும்ப லேட்டாயிடுமே. ஆமா, கல்லு எங்க, காணோம்?"

எனக்கு மூச்சு வந்தது. "நான்தான் தூக்கிப் போட்டேன். நான் வரலம்மா. நீங்க ரெண்டு பேரும் போங்க. ரெண்டு பேருக்குக் கல்லு எதுக்கு?"

"கடைசி நேரத்துல பிகு பண்ணாதப்பா" என்றான் குமரன்.

"முட்டி வலிக்குது. போடா."

சனிக்கிழமை ராத்திரி படுத்ததுதான் எனக்கு நினைவு.

"வரலன்னு சொல்லிட்டு இப்ப இன்னா மொத ஆளா வந்து நிக்கற?"

குமரன் குரல். விடிந்துகொண்டிருந்தது. தெருவில் வாடகைக்கு எடுத்த கார் நின்றது. நான் குளித்திருந்தேன். சலவைச் சட்டை போட்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது குளித்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் கை காரின் பின்கதவைப் பிடித்திருந்தது.

"ஏறுங்க மாமா" என்றாள் செல்வகுமாரி. அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. மடியில் சாப்பாட்டுப் பை மட்டும்தான்.

விரல் விரலாகக் கையைப் பிரித்து எடுத்தேன். உள்ளங்கையில் நல்லெண்ணெய் பிசுபிசுத்தது. பக்கத்தில் இருந்த கரண்ட் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"போங்கடா" என்று கத்தினேன். "நான் வரல. போயிட்டு வந்து சேருங்க."

குமரன் என்னவோ திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தான். அது கண்ணுக்கு மறைகிறவரை கம்பத்தை விடவில்லை. என் கால்கள் மட்டும், நின்ற இடத்திலேயே, அந்தக் காருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தன. செருப்பு மண்ணில் தேய்கிற சத்தம் எனக்கே கேட்டது.