சாம்பல் நிறத்துப் பதிகம்

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கையில், தெலுங்கு நாட்டெல்லையில் உள்ள பாலசமுத்திரத்து மைக்செட் உமாபதி தம் கைபேசியில் பாட்டு ஆப்பைத் திறந்து பதிகத்தைத் தொட்டார். அது பாடவில்லை. மற்றப் பாடல்களின் பெயர்களெல்லாம் கருமையாகத் துலங்க, அந்த ஒரு பெயர் மட்டும் நீறு பூத்தாற்போல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த பச்சைக் குறியைக் காணோம். மறுபடியும் தொட்டார். ‘இந்தப் பாடல் தற்போது கிடைக்காது’ என்றொரு வாசகம் எழுந்து தானே மறைந்தது.

அந்தப் பெயருக்குள் இருந்தது அவர் தமையன் தங்கவேலுவின் குரல். தங்கவேலு உயிரோடுதான் இருக்கிறார், குரல்தான் இல்லை. இரண்டாண்டுக்கு முன் ஆனி மாதத்தில், திருப்பதி மருத்துவமனை ஒன்றில், புற்று அரித்த குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை; அதன் வழியே மூச்சு மட்டும் போய்வந்தது.

ஊர்க் குன்றின்மேல் நிற்கும் முருகனுக்கு அவர்களுடைய முன்னோர் ஒருவர் பாடிவைத்த பதிகம் உண்டு. மண்ணில் இட்ட விதை, தன்னை இட்டவனை நோக்கி முறையிடுவதாக அமைந்தது.

‘மண்ணுள்ளே வைத்தாய் மறந்தனையோ மால்வரையாய்
எண்ணியே நின்றேன் இருளிடையே’

என்று அதன் முதற்பாட்டு தொடங்கும். ஆண்டுக்கொரு முறை, ஆடிக் கிருத்திகைக் காலையில், அந்தச் சந்நிதியில் மட்டுமே அதைப் பாடுவது வழக்கம். வேறெங்கும் முணுமுணுக்கவும் கூடாது. பத்தாம் பாட்டு முடிந்த பின்னரே காவடிகள் தோளேறும். பாடும்போது நிற்பவர் கைகளெல்லாம் கூப்பியிருக்க வேண்டும் என்பதால், கைபேசியை எடுத்துப் பதிந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. பாடும் உரிமை குடும்பத்தில் மூத்தவருக்கு. அவர் உயிரோடிருக்கும்வரை வேறு வாய் திறக்காது. இளையவரான உமாபதியின் பங்கு, ஒலிபெருக்கி கட்டிக் குமிழைத் திருகுவது.

அறுவைக்கு நான்கு நாள் முன்பு, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஒரே ஒரு முறை வழக்கத்தை மீற இசைந்தார்கள். திருப்பதியில் இஸ்மாயிலின் ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடி அறைக்குள், ஊர் இருக்கும் திசையைக் கேட்டறிந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றார் தங்கவேலு. “இதையே உன் சந்நிதின்னு வச்சிக்கோ முருகா” என்றார். கரகரத்துப்போன குரல் பாடத் தொடங்கியதும் எங்கிருந்தோ தெளிந்து வந்தது. வெளியே வந்ததும் அவர் தம்பியிடம் கேட்டது ஒன்றே. “இதக் கோயில்ல தவிர எங்கியும் போடாத. நானும் அங்கதான் கேப்பேன்.”

ஒரு சிறு மெமரி கார்டில் பாட்டை இட்டுத் தந்த இஸ்மாயில், தமையன் அப்பால் போனதும் உமாபதியைத் தனியே அழைத்தார். “கார்டு இன்னிக்கி இருக்கும், நாளைக்கிப் போயிடும். மைக்செட் தொழில்ல உங்களுக்குத் தெரியாதாண்ணா? ஆப்புல ஏத்திடுறேன். நடுவுல ஒரு கம்பெனி கீது, அது மூலமா போவும். அப்புறம் அதுக்கு அழிவே கிடையாது.”

அழிவில்லை என்ற சொல் உமாபதியை மயக்கிவிட்டது. தமையனுக்குச் சொல்லாமலே தலையசைத்தார்.

அவ்வாண்டுக் கிருத்திகைக்குக் கார்டிலிருந்தே பதிகம் ஒலித்தது. அடுத்த தையில், திருப்பதியில் வேலை பார்க்கும் மகன் ஜெயபிரகாஷ் ஊருக்கு வந்தபோது, உமாபதியின் ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். இருபத்து மூவாயிரம் பாடல்கள் அதனுள் இருந்தன, பதிகம் மட்டும் அதில் இல்லை. உள்ளே ஏதோ கடகடத்தது.

“இன்னா நைனா, இத இன்னும் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கினு கீறியா?”

“என் கையில இருக்குதுடா அது.”

“கையிலதான் இருக்குது, உசுரு இல்ல. ஆப்புக்கு மாசம் ஒருவாட்டி பணம் கட்டுனா உலகத்துப் பாட்டெல்லாம் உன்னுது. எவனாவது கல்யாணத்துல புதுப்பாட்டு கேட்டா, லேதுன்னு சொல்லிக்கினு நிக்க வேணாம்.”

மகன் சொன்னதில் பிழையில்லை. ஒரே தொடுதலில் நாகசுவரமும் வந்தது, தெலுங்குப் புதுப்பாட்டும் வந்தது. அண்ணன் பதிகமும் அங்கே இருந்தது. அதன் பக்கத்துப் பதிவிறக்க அம்பைத் தொட்டதும் பச்சைக் குறி விழுந்தது. உமாபதி எளிதில் நம்புகிறவர் அல்லர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இணையமின்றியும் பாடுமா என்று சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, முதலடியை மட்டும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார். பாடியது. இனி இது தம் கைபேசிக்குள் அமர்ந்துவிட்டது என்று தெளிந்தார். அந்தத் தெளிவில்தான், கங்காதர நெல்லூர்க் கல்யாணத்துக்குக் கார்டு ஒன்று குறைந்த அவசரத்தில், பதிகம் இருந்த கார்டை அழித்து அதில் தெலுங்குப் பாட்டுகளை நிரப்பினார். சென்ற ஆண்டுக் கிருத்திகையிலும் பச்சைக் குறி அவரைக் கைவிடவில்லை.

இப்போது மகனைக் கைபேசியில் அழைத்தார்.

“டவுன்லோட் பண்ணா நம்மளுதுதானடா?”

“இல்ல நைனா. போன்ல இருக்கும், ஆனா பூட்டிக் கெடக்கும். சாவி ஆப்புக்காரங்க கையில. ஏத்திவிட்ட கம்பெனிய மூடிட்டாங்களாம், அதான் அவங்க பாட்டெல்லாம் எடுத்துட்டாங்க. அங்க எடுத்தா இங்கயும் போயிடும்.”

“நான் மாசாமாசம் கட்டிக்கினுதானே கீறேன்.”

“அது கேக்கறதுக்கு நைனா. வச்சிக்கிறதுக்கு இல்ல. கார்டு இருக்குதில்ல?”

உமாபதி அழைப்பைத் துண்டித்தார்.

மறுநாள் முதற்பேருந்தில் திருப்பதிக்குப் போனார். இஸ்மாயில் அந்தக் கார்டைக் கணினியில் செருகி, அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்றை ஓட்டினார். தம் கணினியில் ஓராண்டுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் திரையில் கோடு ஊர்ந்தது. முடிவில் கிடைத்தவை ஒன்பது துண்டுகள். ஒவ்வொன்றாகப் போட்டார், ஒன்பதும் தெலுங்குக் கல்யாணப் பாட்டுகள்.

“அது மேலயே எழுதிட்டீங்கண்ணா” என்றார் இஸ்மாயில். பிறகு கண்களைத் தாழ்த்திக்கொண்டு, “அழிவே இல்லன்னு நான்தான் சொன்னேன்” என்றார்.

ஊர் திரும்பியதும் நேரே தமையன் வீட்டுக்குப் போனார் உமாபதி. சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் உறுதி செய்துகொண்டிருந்தார். அண்ணி ரத்தினம்மா, மறுநாளைக்கான மஞ்சள் வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வா உமாபதி. உங்கண்ணன் காலையிலேர்ந்து துன்னல. விரதமாம். கழுத்துல ஓட்டைய வச்சிக்கினு இதெல்லாம் தேவையான்னு கேட்டேன். எழுதிக் காட்டுறார், வாய்தான் போச்சு, வைராக்கியம் போவலன்னு.”

தங்கவேலு சிரித்தார், துளையை மூடிய மெல்லிய துணி புடைத்து அடங்கியது. மடியிலிருந்த நோட்டில் எழுதி நீட்டினார். ‘போன வருசம் ஏழாம் பாட்டுல சத்தம் கொறச்சிட்ட. இந்த வருசம் தூக்கி வை. வருசத்துக்கு ஒருவாட்டிதான் நான் பேசறேன்.’

உமாபதி அதை இருமுறை படித்தார். “சரிண்ணா” என்றார்.

கிருத்திகைக் காலையில், குன்றின்மேல் மஞ்சள் ஆடைகள் நெருங்கி நின்றன. மலர்க்காவடிகள் தரையில் வரிசையாகக் காத்திருந்தன. குருக்கள் தீபம் காட்டிவிட்டு வந்து, ஒலிபெருக்கி இருந்த மேசையைப் பார்த்து, “ஆரம்பிக்கலாம் உமாபதி” என்றார். முந்நூறு பேர் கை கூப்பினார்கள். தங்கவேலு சந்நிதிக்கு எதிரில், ஆண்டாண்டாய்த் தாம் நின்று பாடிய கல்லின்மேல் நின்று கண்களை மூடிக்கொண்டார்.

உமாபதி கைபேசியைத் தொட்டார். தொடுவதால் பயனில்லை என்று அறிந்தும், இறைவன் அதற்குள்ளும் இருப்பான் என்றொரு பேதைமை. சாம்பல் நிறம் மாறவில்லை.

கூட்டத்தில் யாரோ, “இன்னாய்யா, செட்டு ரிப்பேரா?” என்றார். சிலர் சிரித்தனர்.

உமாபதி தமையனிடம் போய், காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆப்பில் ஏற்றியதையும் சொன்னார். கார்டை அழித்ததையும் சொன்னார். தங்கவேலு கண்களைத் திறக்கவில்லை. துணி மட்டும் வேகமாகப் புடைத்து அடங்கியது. பிறகு கையை நீட்டினார். நோட்டுக்காக என்று எண்ணி உமாபதி அதை எடுத்துக் கொடுத்தார். தங்கவேலு அதை விலக்கிவிட்டு மைக்கைக் காட்டினார்.

உமாபதி அதைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினார். கையில் மைக் வந்ததும் தங்கவேலு கழுத்துத் துணியை அவிழ்த்தார். துளையின் வாயில் மைக்கை வைத்துக்கொண்டு, இதழ்களைப் பதிகத்தின் முதலடிக்குத் திறந்தார்.

குன்றின் நாற்புறமும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து காற்று சீறியது. ஈரமான, தேய்ந்த, எழுத்தில்லாத ஒலி. இதழ்கள் ‘மண்ணுள்ளே’ என்றன, குழாய்கள் இரைந்தன. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பெண்கள் கூப்பிய கைகளை இறக்கிக் காதுகளை மூடினார்கள். “போதும், நிறுத்தச் சொல்லு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தங்கவேலு நிறுத்தவில்லை. இரண்டாம் அடிக்கு மூச்சு போதவில்லை. இருமல் வந்தது, அதுவும் குன்றெங்கும் முழங்கியது.

அவர் தம்பியை நோக்கினார். பாடத் தொடங்குமுன் எப்போதும் காட்டும் சைகையைக் காட்டினார்: உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தி, சத்தத்தைத் தூக்கு என்று.

உமாபதியின் விரல்கள் குமிழின்மேல் இருந்தன. கூட்டத்தைப் பார்த்தார், சந்நிதியைப் பார்த்தார். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. குமிழை இடப்பக்கம் திருகினார். முழுதும் திருகினார்.

குழாய்கள் அடங்கின. தங்கவேலுவின் இதழ்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. கேட்கவில்லை என்பதை அவர் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார், உணர்ந்தபின் நிறுத்தினார். மைக்கை மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தார்.

எப்போது எடுப்பதென்று தெரியாமல் நின்றவர்கள், குருக்கள் கையசைத்ததும் காவடிகளைத் தோளில் ஏற்றினார்கள். அரோகரா முழக்கம் எழுந்தது. வெறுமை தெரியாமலிருக்க ஏதாவது போடச் சொன்னார் அவர். உமாபதி போட்டார். எங்கோ, யாரோ, குற்றமின்றிப் பாடிய முருகன் பாட்டு.

தங்கவேலு துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு படியிறங்கினார். நோட்டு அந்தக் கல்லின்மேலேயே கிடந்தது. உமாபதி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். “அண்ணா, இதுல ஒரு வார்த்த எழுதுண்ணா. திட்டியாவது எழுது.”

தங்கவேலு திரும்பாமலே இறங்கிப் போனார்.