இடது பூட்ஸில் ஒரு சிவப்பு அம்பு

லீவில் வந்த மறுநாளே நாகேந்திரன் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டான். கேஸ் டியூபை இழுத்துப் பார்த்தான். ஸ்கூட்டியின் பிரேக்கைக் கழற்றி மாட்டினான். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். அது ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கையில் வந்தது. "பாத்தியா? நான் பாக்காம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டான். ஒன்றும் ஆகியிருக்காது, துண்டும் பாவாடையும் இன்னும் பத்து வருஷம் நிம்மதியாகக் காய்ந்திருக்கும் என்று நந்தினி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எப்போதோ ஒருமுறை வருகிற மனுஷனிடம் வந்த மறுநாளே மல்லுக்கு நிற்பானேன்?

காலையில் அவள் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும்போதுதான் கூத்து. வாசலில் நிறுத்திவைத்து ஹெல்மெட்டில் ஆரம்பிப்பான். தாடை வார், துப்பட்டா முடிச்சு, தோள்பை, செருப்பு என்று மேலிருந்து கீழே வரிசையாகத் தொட்டுக்கொண்டே வருவான். எல்லாம் சரியாக இருந்தால் பின்னால் போய் முதுகில் பளிச்சென்று ஒரு தட்டு, "ஓகே!" அடுத்து மகள் ரோஷினி, அவளுடைய புத்தகப்பை, தண்ணீர் பாட்டில். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் போச்சு, மறுபடியும் தலையிலிருந்து. பக்கத்து வீட்டு எல்லம்மா வேண்டுமென்றே, "இன்னா நாகேந்திரா, டிபன் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நந்தினிக்கு லேட்டாகும்.

அவன் பாராசூட் படையில் ஹவில்தார். இப்போது ஜம்ப் மாஸ்டர். விமானத்திலிருந்து குதிக்கிறவர்களைக் குதிக்க வைப்பது அவன் வேலை. ஒவ்வொருவனின் ஹெல்மெட், நெஞ்சு வார், தொடை வார், வயிற்றில் கட்டிய அவசரப் பாராசூட், மேலே கம்பியில் மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் செல்லாது. பிறகு திறந்த கதவருகே, காற்று ஆளைப் பிய்த்துக்கொண்டு போகிற இடத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் ஒவ்வொருவனாக அனுப்பிவிட்டுக் கடைசியில் தானும் குதிக்க வேண்டும். அவன் தட்டாத ஆள் குதிக்கக் கூடாது. கர்னலே ஆனாலும் கூடாது.

"உன்ன யாருப்பா செக் பண்ணுவாங்க?" என்று ரோஷினி ஒருநாள் கேட்டாள்.

"இன்னொரு ஜம்ப் மாஸ்டர்டா கண்ணு. தன் முதுகத் தானே தட்டிக்க முடியாதில்ல."

ஊரில் இன்னொரு ஜம்ப் மாஸ்டருக்கு எங்கே போவது? அதனால் லீவு முடிந்து போகும்போதெல்லாம் காட்பாடி ஸ்டேஷனில் நந்தினிதான் அவனைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்து முதுகில் தட்டி ரயிலேற்றுவாள். விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது தட்டாமல் ஏறமாட்டேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் புருஷனைத் தொட்டுப் பேச வேறு எந்தச் சாக்கு கிடைக்கும்?

இந்தத் தடவை அவன் திரும்பிப் போனதும் பெரிய ஜம்பு ஒன்று இருந்தது. புதுப் பையன்களை முதன்முதலாகத் தன் கையால் அனுப்பப் போகிறான். பல வருஷமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. "ஒருத்தன் மணிப்பூர்க்காரன், மொத ஜம்புன்னா கண்ண மூடிக்கலாமானு கேக்கறான்மா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நந்தினி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவனுடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தாள். பையில் இடம் போதாது, பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டுதான் போவான். நந்தினி கம்பெனியில் செக்கர். தயாராகி வரும் ஷூவை ஜோடி பார்ப்பது அவள் வேலை. இடதும் வலதும் கையில் எடுத்ததும் எடை, குதிகாலின் உயரம், தையல் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று அவள் பார்ப்பதற்குள் அவள் கை பார்த்துவிடும். கல்யாண வீட்டில் வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட அந்தக் கை சும்மா விடாது.

பூட்ஸை எடுத்த கை நின்றது. இடது பூட்ஸ் கனம் ஜாஸ்தி.

உள்ளே விரலை விட்டாள். இன்சோலுக்கு அடியில் குதிகால் பக்கம் கெட்டியான பஞ்சு மெத்தை ஒன்று ஒட்டியிருந்தது. அந்த மஞ்சள் நிறத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கம்பெனியின் சோல் செக்‌ஷனில் உள்ள மெத்தை அது. பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். இடது சோலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. உள்பக்கம் புதுசு போல இருந்தது. காலை முழுசாக ஊன்றாத ஆளின் சோல்.

ஆம்பூரில், அதுவும் ஷூ செக்கர் வீட்டில், ஷூவுக்குள் ஒன்றை ஒளித்து வைத்த புத்திசாலி இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

போனமுறை குதித்தபோது காற்று இழுத்துப் போட்டது, லேசாகச் சுளுக்கு, சரியாகிவிட்டது என்று அவன் எப்போதோ போனில் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போய், "ஏங்க, கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"எனக்கா? இன்னா கேள்வி இது!" என்று எழுந்து, வலது காலில் ஒரு குதி குதித்துக் காட்டினான். வலது காலில்.

நேராக சோல் செக்‌ஷன் ஹம்மாதின் வீட்டுக்குப் போனாள். நாகேந்திரனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். பிரியாணிக்கும் பொங்கலுக்கும் வீடு மாற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பூட்ஸிலிருந்து பிய்த்து வந்த மெத்தையை முன்னால் வைத்ததுமே ஹம்மாதின் முகம் செத்துப்போயிற்று.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. ரொம்ப தூரம் மார்ச் போறோம், கால் எரியுதுன்னான். தோஸ்த் கேக்கறான், ஒட்டிக் குடுத்தேன்."

"ஒரு கால்ல மட்டும் எரியுதாமா அண்ணா? நீங்களும் கேக்கலியா?"

ஹம்மாத் மெத்தையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவன்கிட்ட நான் பேசட்டா?" என்றார்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. சொன்னால் அவன் கனவில் மண்ணைப் போட்டவள் அவள்தான். சொல்லாவிட்டால்? கதவருகே நிற்கிறவனின் கால் மடங்கினால் அவன் மட்டுமா விழுவான்? கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று கேட்ட அந்தப் பையன் யாரை நம்பி எழுந்து நிற்கிறான்? மெத்தையை இருந்த இடத்திலேயே ஒட்டிவைத்துப் பாலிஷ் போட்டாள். கண்ணாடி மாதிரிப் போட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள். பாலிஷ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பு. ரோஷினி பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

மறுநாள் ஹம்மாத் தன் காரிலேயே எல்லோரையும் காட்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் நாகேந்திரன் ஒருவன்தான் பேசினான். டெல்லி வண்டி வந்து நின்றது. பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான். "சீக்கிரம்மா."

தொப்பியைத் தொட்டாள். காலர், சட்டைப் பொத்தான். "டீ, காபி, டீ" என்று ஒருவர் குறுக்கே வந்தார்.

"மறுபடி தலையிலேர்ந்து!" என்று ரோஷினி கத்தினாள்.

மறுபடி தொப்பி. காலர், பொத்தான், பெல்ட், பேன்ட் மடிப்பு. குனிந்தாள். வலது பூட்ஸைத் தொட்டாள். இடது பூட்ஸின் மேல் கையை வைத்தாள், எடுக்கவில்லை. நாகேந்திரனின் சிரிப்பு நின்றது. கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அந்தப் பூட்ஸின் மேல் அழுத்தி ஒட்டினாள். கம்பெனியில் குறையுள்ள ஷூவில் குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு அது.

"நந்தினி, இன்னா இது?"

"ஜோடி சேரல."

அவன் ஹம்மாதைப் பார்த்தான். ஹம்மாத் ரயிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டும்மா. வண்டி கெளம்புது."

"தட்ட மாட்டேன். நீங்கதான சொன்னீங்க, கர்னலே ஆனாலும் கூடாதுன்னு? அந்த ஸ்டிக்கர நீங்க பிச்சுப் போட்டாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா எங்க கம்பெனில ஒட்டினவங்கதான் எடுக்கணும். அதான் ரூல்."

ஊதல் கேட்டது. நாகேந்திரன் ஏறினான். கதவருகே நின்றான். எப்போதும் பிளாட்பாரம் முடிகிறவரை கையசைக்கிறவன், அன்றைக்கு அசைக்கவில்லை. "அப்பாவத் தட்டலியேம்மா" என்று ரோஷினி அழ ஆரம்பித்தாள். ஹம்மாத் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு போனே இல்லை. போய்ச் சேர்ந்தேன் என்று ஒற்றை வரி மெசேஜ், அவ்வளவுதான். நந்தினி வேலையில் கண்ணில் பட்ட ஷூவையெல்லாம் ரிஜெக்ட் பண்ணித் தள்ளினாள். சூப்பர்வைசர் தேவிகா, "இன்னாடி, வீட்ல பேஜாரா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதாள்.

அவன் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஹலோ சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"ஜம்புக்கு மொத நாள் சுபேதார் சாப் என்ன நிக்க வச்சு செக் பண்ணாரு. பூட்ஸ்கிட்ட வந்தாரு. இது இன்னாய்யா ஸ்டிக்கர்னு கேட்டாரு."

"நீங்க எடுக்கலியா?"

"ரயில்ல எத்தினி தபா குனிஞ்சேன் தெரியுமா? கை போவலம்மா. அவருகிட்ட, சம்சாரம் ஷூ கம்பெனில செக்கர் சாப், ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னு சொன்னேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு. சிரிக்கல."

"அப்புறம்?"

"எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்புல விரிசல். இன்னொரு தபா குதிச்சிருந்தா ரெண்டா போயிருக்கும்னு டாக்டர் திட்டறாரு. கட்டு போட்டிருக்கு."

"ஜம்பு?"

"வேற ஆள் போனாரு. நான் கீழ மைதானத்துல கட்டைய ஊனிகிட்டு நின்னு பாத்தேன். எல்லார் பாராசூட்டும் விரிஞ்சுது. அந்த மணிப்பூர்ப் பையன் ஓடி வந்து, கண்ண மூடவே இல்ல சாப்னு கட்டிப் பிடிச்சிகிட்டான்." அங்கே அவன் அழுதான், இங்கே அவள் அழுதாள்.

"என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. போபால் வரைக்கும் இருந்துச்சு."

கட்டோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் செக் பண்ணி உயிரை வாங்கினான். கட்டுப் பிரித்தார்கள், மெல்ல மெல்ல நடந்தான். ஒருநாள் அவனே புதுக் கயிறு வாங்கி மாடியேறிக் கட்டினான். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்து, இனிமேல் ஓடலாம் என்றார். ஹம்மாத் அந்த மஞ்சள் மெத்தையைப் பிய்த்தெடுத்து, தேய்ந்த சோல்களை மாற்றிக் கொடுத்தார்.

மறுபடியும் காட்பாடி. மறுபடியும் டெல்லி வண்டி. அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் புதுப் பையன்கள் குதிக்கிறார்கள், இந்தமுறை அவன்தான் அனுப்புகிறான். நாகேந்திரன் வந்து அவள் முன்னால் நின்றான்.

தொப்பி, காலர், பொத்தான், பெல்ட். குனிந்து இரண்டு பூட்ஸையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தாள். ஜோடி சேர்ந்தது. ஓரம் சுருண்டு, நிறம் மங்கி, அந்த அம்பு அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். எழுந்து அவன் பின்னால் போய்க் கையை ஓங்கினாள்.

தட்டினால் போய்விடுவான்.

"யாரோ பேசின மாதிரி இருந்துச்சு" என்றாள்.

யாரும் பேசவில்லை. ஹம்மாத் வாயைத் திறக்கவில்லை. ரோஷினிகூட ஐஸ்கிரீம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கம்மென்று இருந்தாள்.

"ஆமாமா, பேசினாங்க" என்றான் நாகேந்திரன். "நானும் கேட்டேன். மறுபடி தலையிலேர்ந்து பாரு."

சிக்னல் விழுந்துவிட்டது. அவள் முன்னால் வந்து தொப்பியிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் தொட்டாள். முடித்துவிட்டுப் பின்னால் போய், பக்கத்துப் பெட்டி ஜன்னலில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஓகே" என்றாள்.