தட்டினால்தான் கிளம்பும்

பள்ளிக்கூட பஸ்ஸை வாங்கி வீடாக்கப் போகிறேன் என்று மருமகன் சொன்ன அன்று மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "பொண்ணை வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தேன்னு நினைச்சேன். வண்டிக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன்" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

மருமகன் தச்சு வேலை செய்பவன். வாய் பேசாது, கை பேசும். பழைய இரும்புக் கடையின் மூலையில் கிடந்த வண்டியைக் கொண்டுவந்து, சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கம் கட்டிலும் நடுவில் அடுப்பு மேடையும் மேலே பூட்டு வைத்த அலமாரிகளும் செய்தான். டிரைவருக்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் ஒரு சீட்டை மட்டும் அப்படியே விட்டுவைத்தான். மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராத வீடு. அதை மாமியாரும் ஒப்புக்கொண்டார், மகளிடம் மட்டும்.

மகள் நர்ஸ். தொலைவில் வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்து, அவள் முன்னால் ரயிலேறிப் போய்விட்டாள். வீட்டை, அதாவது வண்டியை, பின்னால் ஓட்டிக்கொண்டு வர வேண்டியது மருமகன் பொறுப்பு. கூடவே மாமியாரையும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணாடி போடாமல் எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது. ஆனால் பக்கத்து அறையில் யாராவது பெருமூச்சு விட்டால் எந்தப் பக்கம் திரும்பி விட்டார்கள் என்று சொல்லிவிடுவார்.

முதல் நாள் ஓட்டம் நன்றாகவே போனது. வழியில் ஒரு சுங்கச்சாவடிக்குப் பின்னால் இருந்த திடலில் நிறுத்தித் தூங்கினார்கள். விடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்றது. விட்டு விட்டுத் திருப்பினான். சுற்றிச் சுற்றி மோட்டாரின் குரல் கம்மிப் போக ஆரம்பித்தபோது, வண்டியின் பின்பக்கம், வெளித்தகரத்தில், உள்ளங்கையால் அடித்தது போல இரண்டு தட்டு விழுந்தது.

டப், டப்.

அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

திடலில் தங்கிய லாரிக்காரர் யாரோ உற்சாகப்படுத்தியிருப்பார் என்று கையை வெளியே நீட்டி நன்றி காட்டிவிட்டுக் கிளம்பினான். சாலையில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தான். திடலில் வேறு வண்டியே இல்லை.

பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் வண்டி கிளம்பியது. எஞ்சின் சூடாக இருந்தால் தொட்டால் போதும். ஒரு ராத்திரி நின்றால்தான் வம்பு. மறுநாள் காலையில் புல்வெளி ஓரம் நின்றிருந்தார்கள். மறுபடியும் அதே கதை. சுற்று, சுற்று, சுற்று. பிறகு டப், டப். பிறகு எஞ்சின். இந்த முறை அவன் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தான். புல்லெல்லாம் பனி கோத்து வெள்ளையாக நின்றது. அதில் அவன் நடந்து வந்த தடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. வேறு தடம் இல்லை.

ஏறி வந்தான். மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை. டயர் பார்த்தேன்."

"ம்" என்றார் அவர்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், "நான் அன்னைக்கே சொன்னேனே, எவன் எவன் ஏறி இறங்கின வண்டியோ" என்று ஆரம்பித்து ஊர் போய்ச் சேரும் வரை ஓயமாட்டார் என்று அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் தட்டும் வரவில்லை, எஞ்சினும் வரவில்லை. பேட்டரி படுத்துவிட்டது. அந்த வழியாகப் போன ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து, அடுத்த ஊர் எல்லையில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். தகரக் கூரை, எண்ணெயில் ஊறிக் கறுத்த தரை, சுவரோரம் உயிர் போன எஞ்சின்கள். அங்கிருந்த மெக்கானிக்கை ஊரே 'புகை' என்றுதான் கூப்பிட்டது. எந்த வண்டி வந்தாலும் பானட்டைத் திறக்க மாட்டாராம். பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சைலன்சரைத்தான் முதலில் பார்ப்பாராம்.

அப்படியே செய்தார். வேறு பேட்டரி மாட்டி, "அடிங்க" என்றார். மருமகன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது.

"போதும். புகையே இல்ல. வெள்ளைப் புகை வந்தா டீசல் வருது, எரியலன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா டீசலே வந்து சேரலன்னு அர்த்தம். அடுப்புல அரிசியே போடாம சோறு வேகலையேன்னா எப்படி?" என்று எழுந்தார். "ராத்திரி நின்னா மட்டும்தானே?"

"ஆமாம். சூடா இருந்தா உடனே எடுக்குது."

"எங்கேயோ ஏர் எடுக்குது, டீசல் வர்ற வழியில காத்து புகுந்துடுது. ராத்திரியில டீசல் முழுக்க டேங்குக்கே திரும்பி இறங்கிடுது. காலையில இவ்வளவு தூரம் இழுத்துட்டு வரணும்ல? சரி, எப்படித்தான் கிளப்பினீங்க இத்தனை நாள்?"

மருமகன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் மருமகனைப் பார்த்தார்.

"தட்டினா கிளம்பும்" என்றார் மாமியார்.

"யார் தட்டுவாங்க?"

"அதைத்தான் நானும் கேட்கணும்னு இருக்கேன்."

மருமகன் சட்டென்று அவர் பக்கம் திரும்பினான். "அத்தை, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"எக்ஸ்சேஞ்சுல காதை வித்துத்தானே சாப்பிட்டேன், எனக்குக் கேட்காதா? பின்பக்கம், கதவு இருக்கிற பக்கம், ஜன்னலுக்குக் கீழே. தகரத்துல. நான் சொன்னா, வண்டி பிடிக்காம கதை கட்டுறேன்னு நினைப்பீங்க. அதான் சும்மா இருந்தேன்."

"நானும் அதான் அத்தை..." என்று இழுத்தான் அவன். மூன்று நாளில் முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

புகை சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "பள்ளிக்கூட வண்டியில ஒரு ஆயாம்மா இருப்பாங்க. பிள்ளைங்க எல்லாம் ஏறினதும் பின்னால ரெண்டு தட்டுவாங்க. போகலாம்னு அர்த்தம். ஒரு தட்டுன்னா நிறுத்துன்னு அர்த்தம். தட்டாம டிரைவர் நகர்த்த மாட்டான்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அதுக்காக நான் மந்திரவாதிய கூப்பிட முடியுமா? வண்டியைப் பார்ப்போம்" என்று அடியில் நுழைந்துவிட்டார்.

முதலில் டேங்கை விட்டுவிட்டு, எஞ்சின் பக்கத்திலேயே ஒரு கேனில் டீசலை வைத்து நேராகக் கொடுத்துப் பார்த்தார். முதல் சுற்றிலேயே எடுத்தது. அப்படியானால் எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு டேங்கிலிருந்து பம்ப் வரும் வழியில்தான். பிறகு நடுவில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்றும் வந்தது. கையால் தடவித் தடவிப் பின்சக்கரத்துக்கு மேலே போனவர், "அகப்பட்டுடுச்சு!" என்று கத்தினார். ரப்பர் ஹோஸில் முடி போல ஒரு வெடிப்பு. பக்கத்தில் குழாயைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் ஒன்று அறுந்து, இரும்புக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க வாங்க. உங்க ஆயாம்மாவைக் காட்டுறேன்." குழாயைப் பிடித்து ஆட்டினார். அது தகரத்தில் மோதியது. "காத்து போய் டீசல் வந்து அடிக்கிறப்ப குழாய் குதிக்கும். குதிச்சா தட்டும். டீசல் வந்துடுச்சு, அதனால வண்டி கிளம்பும். தட்டினதால கிளம்பல. கிளம்பப் போறதால தட்டுச்சு. கணக்கு சரியா?"

மருமகனுக்கு மூச்சு வந்தது. "சரி சரி" என்றான், எதுவும் கேட்காமலேயே.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை ஆட்டுங்க" என்றார். புகை ஆட்டினார். டிக், டிக்.

"இது இரும்பு" என்றார் மாமியார். "நான் கேட்டது கை."

புகை புது ஹோஸ் போட்டு, கிளாம்ப் மாட்டி, ஃபில்டரையும் மாற்றி முடித்தார். ராத்திரி நின்று பார்த்தால்தான் உறுதி என்பதால் அங்கேயே தங்கினார்கள்.

காலையில் சாவியைத் திருப்பியதுதான் தாமதம், வண்டி எடுத்துக்கொண்டது. சுற்றலும் இல்லை, தட்டலும் இல்லை. புகை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுச் சிரித்தார். "ஆடிக் கறக்கிற மாடுன்னு ஆடிக்கிட்டே இருந்திருக்கீங்க. புண்ணு இருந்தது மடியில. போய்ட்டு வாங்க!"

மருமகன் கியர் போட்டான். வண்டி வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறியது.

டப், டப், டப்.

பின்பக்கத்திலிருந்துதான். ஆனால் இது நிதானமான தட்டு இல்லை. அவசரம். வண்டி வேகமெடுக்க எடுக்க அந்தச் சத்தம் தகரத்தின் மேலேயே முன்னால் நகர்ந்து வந்தது. கட்டில் இருக்கும் இடம், அடுப்பு மேடை, அலமாரி. கூடவே ஓடிவரும் ஒருவர் எட்டி எட்டி அடிப்பது போல. கண்ணாடியில் சாலை வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் சத்தம் படிக்கதவுக்கே வந்து, கதவின் கீழ்ப்பாதியில் அடிக்க ஆரம்பித்தது.

கீழ்ப்பாதியில். அந்த உயரத்துக்குத்தான் கை எட்டியிருக்கிறது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "பிள்ளையை விட்டுட்டுப் போறோம். நிறுத்துங்க."

அவன் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கை, கதவைத் திறக்கும் நெம்புகோலை இழுத்தது. மடக்குக் கதவு திறந்தது. வெளியே புழுதியும் காலை வெயிலும் மட்டுமே. அவன் போட்ட புதுப்படிப் பலகை, ஆள் ஏறினால் மட்டும் முனகும் பலகை, லேசாக முனகியது. ஒரு தடவை. மேல்படியும் முனகியது.

மாமியார் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. நெரிசல் பஸ்ஸில் இடம் விட்டு விட்டுப் பழகிய கை அது.

அவன் கதவை மூடினான். காத்திருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. வண்டியின் உள்ளே, பின்னால், கட்டிலுக்கு மேலே இருக்கும் கூரைத் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. நிதானமாக. பெரிய கையால்.

அவன் ஓட்டினான். வேறென்ன செய்வது? கண்ணாடியில் கட்டில் தெரிந்தது, மடித்து வைத்த போர்வை தெரிந்தது. மாமியார் பக்கத்து இடம் காலியாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும், குண்டுகுழியில் வண்டி குலுங்கியபோது, எதையோ தடுப்பது போலக் கையைக் குறுக்கே நீட்டினார்.

மதியம் சாய்ந்த பிறகு ஒரு சிற்றூரைக் கடந்தார்கள். ஊர் முடிந்து, வீடுகள் தள்ளித் தள்ளி வரும் இடம். பின்னால் கூரையில் ஒரு தட்டு விழுந்தது.

ஒன்று. நிறுத்து.

நிறுத்தினான். இடது பக்கம் நீல நிற இரும்பு கேட் போட்ட வீடு. கதவைத் திறந்தான். பலகைகள் முனகின, மேலிருந்து கீழாக. அதே சமயம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்து கேட்டைத் திறந்தாள். வண்டியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. டிரைவர் சீட்டில் இருப்பது யார் என்று பார்க்கவும் இல்லை. கேட்டை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் ஏதோ ஒன்றின் போக்கைக் கண்ணால் தொடர்ந்து, வாசல் வரைக்கும் பார்த்தாள். பிறகு கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருமகன் கதவை மூடினான். இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் காத்திருந்தான். பின்னால் யாருமே இல்லாத வீடு போல வண்டி கனமற்றுக் கிடந்தது.

"ஆயாம்மாவும் இறங்கிட்டாங்க போல. கிளம்புங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"கேட்கட்டுமா அத்தை? அந்த வீட்டுல போய்?"

"என்னன்னு கேட்பீங்க?"

அவன் கியரைப் போட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் இருக்கும் ஊர் வந்தது. அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டாள். "ஹோஸ்ல ஏர் எடுத்துச்சு" என்றான் புருஷன். "ஆமாம், சின்ன வெடிப்பு" என்றார் அம்மா. இருவரும் இப்படி ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. வழியில் என்ன நடந்தது என்று அவள் அதட்டிக் கேட்டும் பிரயோசனமில்லை.

அதற்குப் பிறகு எந்தக் குளிரிலும் வண்டி முதல் சுற்றிலேயே எடுத்தது. புகை ஒரு நாள் போன் பண்ணி விசாரித்தார். "நல்லா எடுக்குது" என்றான் மருமகன். "மத்தது?" என்றார் அவர் கொஞ்சம் பொறுத்து. "நின்னுடுச்சு." "நின்னா சரி" என்று போனை வைத்துவிட்டார்.

பழைய ஊருக்குச் சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் மருமகன் அந்தச் சிற்றூர் வழியை விட்டுவிட்டுச் சுற்றுப்பாதையில்தான் ஓட்டினான். அரை நாள் கூடுதலாகும். டீசலுக்கும் கேடு. எதற்கெடுத்தாலும் கணக்குக் கேட்கும் மாமியார் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.